பனி போடுகிறவர் அக்கரை போன நாள்

லைமன் அன்று காலையும் பாலத்துக்குப் பனி போட்டுவிட்டுத்தான் வந்தார். கூரை வேய்ந்த மரப்பாலத்துக்குள் பனி விழாது; பனியில்லாத பலகையில் சறுக்குவண்டி நகராது. வெர்மான்ட் குளிர்காலம் முழுக்க, வெளியே கிடக்கும் பனியை வாரி உள்ளே பரப்புவது அவர் வேலை. வந்து உட்கார்ந்து, சோளரொட்டியை மேப்பிள் பாகில் முக்கிச் சாப்பிட்டார்.

"ஏழாவது பலகை கத்துது தர்சா. நாளைக்கு ரெண்டு ஆணி அடிச்சிடணும்."

"மூணு வருஷமா நாளைக்குத்தான்."

"நாளைக்கு எங்கே ஓடிப்போகுது?"

சிரித்தபடி நாற்காலியில் சாய்ந்தார். மனைவி தர்சா காப்பியோடு திரும்புவதற்குள் உயிர் போய்விட்டிருந்தது.

மூன்றாம் நாள் சவப்பெட்டியைச் சறுக்குவண்டியில் ஏற்றி, கொழுந்தன் ஹைரம் குதிரைகளை ஓட்டினான். கோயிலும் கல்லறையும் அக்கரையில். தர்சா ஒன்றுதான் கேட்டிருந்தாள்: நாற்பது வருஷம் ஊரையே அலுங்காமல் அக்கரை சேர்த்தவர், தானும் அலுங்காமல் போய்ச் சேரவேண்டும்.

பாலத்து வாயில் வண்டி கிறீச்சென்று நின்றது. துக்கம் விசாரிக்க வந்த வண்டிகளெல்லாம் மூன்று நாளாகத் தேய்த்ததில், உள்ளே வெறும் பலகை.

ஹைரம் தலையைச் சொறிந்தான். "அண்ணி... பனி போட மறந்துட்டோம்."

"யாரு போடுவா? போடுறவருதான் பெட்டிக்குள்ள இருக்காரே!" என்ற பக்கத்துப் பண்ணை யூனிஸ், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தோள்ல தூக்கிட்டுப் போயிடலாமே," என்றார் போதகர்.

"நாற்பது வருஷத்துச் சோளரொட்டி உள்ள இருக்குங்க போதகரே. உங்க முதுகு தாங்காது," என்றாள் தர்சா. சொன்னவளுக்கே சிரிப்பு வந்தது. யூனிஸ் குலுங்கினாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

பாலத்து வாசல் ஆணியில் தொங்கிய லைமனின் மண்வாரியைத் தர்சா எடுத்தாள். கறுப்புடை அணிந்த கூட்டம் முழுவதும் பனியில் இறங்கியது. யூனிஸ் சாவுச்சாப்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்த வாணலியால் வாரினாள். போதகர் தன் தொப்பியால்.

"ஓரத்தை விடாதீங்க! கட்டியாப் போட்டா வண்டி குதிக்கும்!" லைமன் கத்துகிற மாதிரியே தர்சா கத்தினாள்.

அரை மணியில் பாலம் வெளுத்தது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அலுங்கவில்லை, ஏழாவது பலகை மட்டும் கத்தியது.

மறுவாரம் ஹைரம் சுத்தியலும் ஆணியுமாக வந்து நின்றான்.

"நாளைக்கு அடிச்சுக்கலாம் ஹைரம்," என்றாள் தர்சா.

அந்தப் பலகை இன்றும் கத்துகிறது.