மெம்பர் சொன்ன சுவர்

மெட்ராஸில் கல்மண்டபத்தைத் தாண்டினால் வரும் கடலோரக் குப்பத்தில் பவுனம்மாளின் குரலை அறியாதவர்கள் கிடையாது. மீன்கூடையோடு தெருமுனையில் நின்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால், அடுத்த தெருவில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பவள் ஈரக்கையோடு வாசலுக்கு வந்துவிடுவாள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதல் பெரிய எலெக்‌ஷனில், பார்லிமெண்டுக்கு நின்ற வக்கீல் கிருஷ்ணப்பன் அந்தக் குரலைத் தேடிக்கொண்டுதான் குப்பத்துக்குள் வந்தார்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்துவந்தார் மனிதர். அதுவே பவுனம்மாளுக்குப் பிடித்துப்போயிற்று. கடல் அரித்துப்போன இடத்தையெல்லாம் நின்று பார்த்தார். முன்வரிசையில் இருந்த வீடுகள் எங்கே என்று கேட்டார். அவள் தண்ணீரைக் காட்டினாள்.

"நான் டெல்லிக்குப் போனதும் முதல் வேலை இதுதான், பவுனம்மா. இந்தக் கரை நெடுக கற்சுவர் எழும்பும். அடுத்த மழைக்கு நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள்."

அவள் நம்பினாள். வெறுமனே நம்பவில்லை, வீடு வீடாக ஏறி இறங்கினாள். "வக்கீலய்யா பெட்டியில சீட்டப் போடுங்கடி! செவுரு வருது!" என்று தொண்டை கட்டும்வரை கூவினாள். பக்கத்து வீட்டு நீலா, போலீஸ்காரன் நிற்கிற இடத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஓட்டுப் போட வைத்தவள் பவுனம்மாள்தான்.

கிருஷ்ணப்பன் ஜெயித்து பார்லிமெண்டு மெம்பர் ஆனார். குப்பத்தில் வெடி வெடித்தார்கள். அதன்பிறகு சித்திரை போனது, ஆடி போனது, ஒரு கல்கூட வந்து இறங்கவில்லை.

மீன் விற்ற கையோடு அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். மெம்பர் டெல்லியில் இருக்கிறார் என்றான் குமாஸ்தா. மறுபடி போனாள். நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனார் என்றான். மூன்றாம் தடவை அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையை ஆட்டினான். குப்பத்துப் பெண்களுக்கு அவள் விளையாட்டாகிப் போனாள். "இன்னாக்கா, ஒன் செவுரு எம்மா ஒயரம் வந்துகீது?" என்று தண்ணீர்க்குழாயடியில் சிரிப்பார்கள். அவளும் கொஞ்ச நாள் சேர்ந்து சிரித்தாள்.

ஐப்பசியில் கடல் வந்தது. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் கரையோரத்து வீடுகள் வரிசையாகப் போயின. நீலாவின் வீட்டில் பாதி போனது. நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தவள் பவுனம்மாளைப் பார்த்ததும் நின்றாள்.

"ஒன் பேச்சக் கேட்டுத்தானே சீட்டு போட்டேன்? எங்க உன் செவுரு?"

அவ்வளவுதான் கேட்டாள். அதற்குப்பிறகு அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

மழை விட்டதும் மெம்பர் வந்தார். நிவாரண அரிசி மூட்டைகளோடு ஒரு லாரி, பேசுவதற்கு ஒரு மேசை, கூட நாலைந்து கட்சிக்காரர்கள். மேசை போட்டுக்கொண்டிருக்கும்போது, கரையேற்றி வைத்திருந்த கட்டுமரங்களின் பக்கம் அவர் தனியாக நின்றதைப் பவுனம்மாள் பார்த்துவிட்டாள். நேரே போனாள்.

"பவுனம்மா, சௌக்கியமா?"

"நீயே பாரு ஐயா. கரையோரத்து வூடெல்லாம் கடலுக்குள்ள கீது."

அவர் கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். இளைத்திருந்தார். "நானும் போனால் நடந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அங்கே என்னைப்போல் ஐந்நூறு பேர் இருக்கிறோம், பவுனம்மா. எழுந்து கேள்வி கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லி மந்திரி உட்கார்ந்துவிட்டார். டெல்லியில் கேட்டால் மெட்ராஸைக் கேள் என்கிறார்கள், இங்கே கேட்டால் டெல்லியைக் கை காட்டுகிறார்கள்."

"அப்போ செவுரு?"

"இப்போதைக்கு வராது. உன்னிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை."

அவருடைய சட்டையைப் பிடிக்கிற ஆத்திரத்தோடு வந்தவள் அவள். பொய் சொல்லியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பாள். உண்மையைச் சொன்ன மனிதரை என்ன செய்வது? கோபம் போக்கிடம் தெரியாமல் நெஞ்சிலேயே நின்றது.

"சரி. இத்தயே அவங்களாண்ட சொல்லிடு ஐயா. வராதுன்னு தெரிஞ்சா மேட்டுப் பக்கம் எடம் பாத்துக்கினு போய்டுவாங்க. அடுத்த மழைக்கு உயிராச்சும் மிஞ்சும்."

அவர் தலையசைத்தார். சொல்லிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள்.

மேசைமேல் ஏறியதும் அவர் முகம் மாறிப்போயிற்று. ஏறிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கண்களையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "தாய்மார்களே! உங்கள் கண்ணீரை டெல்லிவரைக்கும் கொண்டுபோயிருக்கிறேன். அடுத்த மழைக்குள் இந்தக் கரையில் சுவர் எழும்பும்!"

கைதட்டல் எழுந்தது.

"ஐயா!" பவுனம்மாள் கத்திய கத்தலில் கைதட்டல் அடங்கியது. "இப்போ என்னாண்ட இன்னா சொன்ன? வராதுன்னு சொல்லல?"

ஒரு கட்சிக்காரன் அவளைத் தள்ளிக்கொண்டு போக வந்தான். மெம்பர் கையமர்த்தினார். "விடுங்கள். பவுனம்மா நம் வீட்டுப் பெண். அவள் கோபம் நியாயமான கோபம். அதையும் டெல்லிக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்!"

முன்னைவிடப் பலமாகத் தட்டினார்கள். அத்தனை நாளாகப் பேசாதிருந்த நீலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையை இறுக்கினாள்.

"வாய மூடுக்கா. வர்றதையும் கெடுத்துடாத."

"வராதுடி. அவரே சொன்னாரு."

"அன்னிக்கி வரும்னு சொன்னதும் நீதான். இன்னிக்கி வராதுன்றதும் நீதான். எத்த நம்பச் சொல்ற?"

மேசையின் மேலிருந்து இறங்கிய மெம்பர் அவள் இருந்த பக்கம் திரும்பாமல் காரில் ஏறினார். அரிசிக்கு வரிசை நின்றது. வரிசையில் எல்லாரும் சுவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், எவ்வளவு உயரம் இருக்கும், படகு போக வழி விடுவார்களா என்று.

மறுநாள் காலையில் பவுனம்மாளும் புருஷன் செல்வமும் தங்கள் கூரையைப் பிரித்தார்கள். மேற்கே, ரயில் ரோட்டை ஒட்டி மேடாக ஒரு புறம்போக்கு கிடந்தது. அங்கேயிருந்து கட்டுமரத்துக்கு வர நெடுந்தூரம் நடக்கவேண்டும் என்று செல்வம் முணுமுணுத்தான். இருந்தாலும் மூங்கிலைத் தோளில் ஏற்றினான்.

நீலா தன் பாதி வீட்டின் ஈரமணலில் புதுக்கம்பு நட்டுக்கொண்டிருந்தாள். நட நட அது சாய்ந்தது.

"நீலா, எங்கூட வந்துரு. மேட்டுல எடம் கீது."

"செவுரு வந்தப்புறம் இந்த எடம் திரும்பக் கெடைக்குமா? எவனாச்சும் வந்து குந்திக்குவான். நீ போக்கா."

"பைத்தியமாடி உனக்கு? கடல் எங்க கீதுன்னு கண்ணால பாக்கறியே!"

நீலா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கம்பு மறுபடி சாய்ந்தது. செல்வம் தூரத்திலிருந்து கூப்பிட்டான். பவுனம்மாள் வாய்க்கு வந்தபடி திட்டினாள், மெம்பரை, டெல்லியை, நீலாவை, தன்னை. திட்டிக்கொண்டே தலையிலிருந்த கீற்றுக்கட்டைக் கீழே போட்டாள். மண்டியிட்டு, நீலா மண்ணைத் தள்ளி மிதிக்கும்வரை, அந்தக் கம்பை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டாள்.