நாய்ப் படத்துக்கு ரெண்டாம் பாகம்

எனக்கு ரெண்டாம் பாகம்னாலே ஆகாது. ஃபேஸ்புக்ல என் விமர்சனத்தப் பாக்குற எல்லாருக்கும் இது தெரியும். முதல் பாகத்தப் பாத்து அழுதுட்டு வீட்டுக்கு வந்துட்டோம். படத்துல வந்த பொண்ணு அதுக்கப்புறம் என்ன ஆயிருப்பாள்னு நாமளே மனசுல ஒன்னு நெனச்சு வச்சிருக்கோம். கொஞ்ச வருசம் கழிச்சு ஒருத்தன் வந்து, ‘இல்லலா, அப்படி இல்ல’ன்னு அத அழிச்சிட்டுப் போறான். கேட்டா வசூலாம். போடா டேய்.

சூப்பர் ஹீரோ படம் அதவிட மோசம். பறக்குறவனுக்கு பஸ் போயிடுமேன்னு கவலை கிடையாது. நான் செனாவாங் ஃபேக்டரியில ஷிஃப்ட் முடிஞ்சு காலு வீங்கி வர்றவ. கவலையே இல்லாதவன் கதைய டிக்கெட் எடுத்து நான் ஏன் பாக்கணும்?

வருசக் கடைசியில ‘எனக்குப் பிடிச்ச படங்கள்’னு ஒரு வீடியோ போடுவேன். பத்து படம் தேறலன்னா பத்து சொல்ல மாட்டேன். ஒரு வருசம் நாலோட நிறுத்திட்டேன். ‘இசபெல் அக்காவுக்கு வாய்க்கொழுப்பு’ன்னு கமெண்ட்ல ஏசுனாங்க. ஏசட்டும்.

அந்த நாலுல முதல் இடம் எங்க அண்ணன் விக்டர் எடுத்த படத்துக்கு. செண்டாயான் பக்கம் ஒரு எஸ்டேட்ட வித்துட்டாங்க. வேலக்காரங்க குடியிருந்த லயத்த எல்லாரும் காலி பண்ணிட்டாங்க. ஒரு லோரி டிரைவர் குடும்பம் மட்டும் போகல. ஏன்னா அவங்க நாய் வீட்டுக்கு அடியில குட்டி போட்டிருக்கு. அவ்ளோதான் கதை. எல்லாரும் அத ‘நாய்ப் படம்’னுதான் சொல்லுவாங்க. அண்ணன் படம்னு தூக்கி வைக்கிறாள்னு என்னைப் பேசாத ஆளில்ல. அண்ணன் மட்டும் சிரிப்பாரு. “நீ கர்த்தருக்கே மார்க்கு கொறைக்கிறவ, எனக்கா சும்மா போடுவ?”

இந்த வருசம் அதுக்கு ரெண்டாம் பாகம் எடுத்தாரு. அதுல லோரி டிரைவர் பறக்குறாரு. ஆமா, பறக்குறாரு. எஸ்டேட்ல களைக்கு அடிக்கிற புல்லு மருந்து மேல கொட்டி சக்தி வந்துடுச்சாம். பறந்துபோய், எஸ்டேட் இருந்த இடத்துல கட்டுன புது டவுன்ஷிப்பக் காப்பாத்துறாரு. கூடவே பறக்குற நாய்க்கும் ஒரு சிவப்பு மேலங்கி. சிரம்பான் தியேட்டர்ல அண்ணி லிண்டா பக்கத்துல உக்காந்து பாத்தேன். எனக்கு அழுகையா வந்துச்சு. படம் முடிஞ்சதும் அண்ணன் முகத்தப் பாக்க முடியாம கார் பார்க்குக்கு ஓடிட்டேன்.

சனிக்கிழம அண்ணி போன் பண்ணாங்க.

“இசபெல், தியேட்டர்ல ஆளே இல்லம்மா. அடுத்த வாரம் தூக்கிடுவாங்களாம். உங்கண்ணன் சரியா சாப்பிட மாட்டேங்குறாரு, பேச மாட்டேங்குறாரு. நீ நாலு வார்த்த நல்லதா சொன்னா ஜனம் வரும்லா. நம்ம ஊரு படத்த நாமளே சப்போர்ட் பண்ணலன்னா வேற யாரு பண்ணுவா?”

இந்த ‘சப்போர்ட்’ பேச்ச வேற யாராச்சும் பேசியிருந்தா நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டிருப்பேன். அன்னிக்கு ‘சரி அண்ணி’ன்னேன். சாப்பாட்டுத் தட்டு முன்னாடி சும்மா உக்காந்திருக்குற அண்ணன்தான் கண்ணுல நின்னாரு. அப்பா போனதுக்கப்புறம் என்னை மோட்டார்ல வச்சு ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டவரு அவரு.

அன்னிக்கே வீடியோ போட்டேன். ‘பிரமாண்டம்’னேன். ‘குடும்பத்தோட போய்ப் பாருங்க’ன்னேன். ‘இந்த வருசம் எனக்குப் பிடிச்ச படங்கள்ல இதுக்குக் கண்டிப்பா இடம் இருக்கு’ன்னேன். சொல்லும்போது கேமராவப் பாக்கவே கூச்சமா இருந்துச்சு. ஜனங்க லைக் போட்டுத் தள்ளுனாங்க. அண்ணி இதயமா அனுப்புனாங்க. போனாப் போகுது, ஒரு தடவதானேன்னு என்னை நானே சமாதானப்படுத்திக்கிட்டேன்.

மறுநாள் சர்ச் முடிஞ்சு வந்து கோழி வெட்டிக்கிட்டு இருக்கேன், அண்ணன் வந்துட்டாரு. ஹெல்மெட்டக் கூட கழட்டாம சமையல்கட்டு வாசல்ல நின்னாரு.

“வீடியோ பாத்தேன். படம் உனக்குப் பிடிச்சுதா?”

“பிடிச்சுது அண்ணே.”

“நாய்க்குப் போட்ட மேலங்கி?”

“அது... புதுசா இருந்துச்சு.”

ஹெல்மெட்டக் கழட்டி மேசையில வச்சாரு. “எடிட்டிங்ல உக்காந்தப்பவே எனக்குத் தெரியும், இது தேறாதுன்னு. படத்துக்குக் காசு போட்டவங்க பறக்கணும்னாங்க, நானும் பறக்க விட்டுட்டேன். நீ கிழிப்பன்னு காத்திருந்தேன் இசா. ஊரு சொன்னா பொறாமைன்னு தள்ளிடலாம். நீ கிழிச்சாத்தான் அடுத்த படம் எடுக்க எனக்குத் தைரியம் வரும்.”

“அண்ணிதான் போன் பண்ணி, நீங்க சாப்பிடலன்னு...”

கத்துவாருன்னு நெனச்சேன். கத்தியிருந்தா தேவலாம்.

“அப்போ நாய்ப் படத்துக்கும் யாராச்சும் போன் பண்ணாங்களா?”

“ஐயோ அண்ணே! யாரும் பண்ணல! அந்தக் குட்டிங்கள லோரியில ஏத்துற இடம் இன்னும் என் கண்ணுல நிக்குது. சத்தியமா அது நல்ல படம் அண்ணே, சத்தியமா!” கத்தியும் கையுமா நின்னு கத்துறேன்.

நான் முடிக்கிற வரைக்கும் பொறுமையா கேட்டாரு. தலைய ஆட்டுனாரு. ஹெல்மெட்ட எடுத்துக்கிட்டாரு.

“ரொம்ப தேங்ஸ்மா”ன்னாரு.

என் அண்ணன் எனக்கு தேங்ஸ் சொன்னதே கிடையாது. தியேட்டர் வாசல்ல ஒப்புக்குப் பாராட்டிட்டுப் போறவங்ககிட்டதான் அப்படிச் சொல்லுவாரு.