குழந்தைவேல் டப்பாவோடு நிற்கிறான்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கழிப்பறையிலிருந்து வந்தது. சர்க்கரை பார்க்கப் போயிருந்தேன். சின்ன டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். அதுவரை முட்டிக்கொண்டு நின்றது, டப்பாவைக் கண்டதும் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. வெளியே வந்து பெஞ்சில் கிடந்த பழைய செய்தித்தாளைப் புரட்டினேன்.

அணுமின் நிலையங்களில் வேலை செய்கிறவர்கள் போதையில் இருக்கிறார்களா என்று முன்னறிவிப்பு இல்லாமல் சோதிக்கிற வழக்கம் பல நாடுகளில் உண்டு என்று அதில் போட்டிருந்தது. மூச்சை ஊதிக் காட்ட வேண்டும். டப்பாவில் பிடித்தும் கொடுக்க வேண்டும். சில சமயம் ஓர் ஆள் கூடவே நின்று பார்ப்பாராம். நியாயம்தான். அணுவைப் பிளக்கிற இடத்தில் தள்ளாடுகிற ஆள் கூடாது. (கதை எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு சோதனை வைத்தால் பாதி இலக்கியம் காலியாகிவிடும். அது வேறு விஷயம்.) ஆனால் எனக்குப் பார்க்க ஆளே இல்லாதபோது இந்தக் கதி என்றால், ஆள் நிற்கும்போது அந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

ஒரு கதைக்கு இது போதும் என்று அப்போது தோன்றியது. எத்தனையோ தடவை அடித்துத் திருத்திவிட்டேன், இன்னும் முடிந்தபாடில்லை. எல்லாப் படிகளையும் படித்த என் மனைவி வேணி, "ஒரு மனுசன் ஒன்னுக்குப் போவணும். இதுக்கு எத்தன பக்கம்ங்க?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

2

முதல் சிக்கல், எங்கள் பக்கத்தில் அணுமின் நிலையமே கிடையாது. அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைகள் இருக்கின்றன. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் இருக்கின்றன. தெரியாத ஊரில் கதையை வைத்தால் பஸ் எங்கே நிற்கும் என்று கூட எனக்கு எழுத வராது. அதனால் குன்னத்துக்குக் கிழக்கே நானே ஒரு நிலையத்தைக் கட்டிவிட்டேன். ஒரே ஒரு வாக்கியம்தான் செலவு.

"அணு உலைக்குக் கடல் தண்ணி வேணும்பாங்களே" என்றாள் வேணி. "இங்க குடிக்கவே தண்ணி லாரிய எதிர்பாத்து நிக்கிறோம். கடலுக்கு எங்க போவீங்க?"

"அரியலூர்ல கடல் இருந்துச்சு. சுண்ணாம்புச் சுரங்கத்துல தோண்டுனா இன்னிக்கும் கிளிஞ்சல் கல்லாக் கிடைக்குது."

"எப்ப இருந்துச்சு?"

"சில கோடி வருசம் முன்னால."

"அப்ப கதையையும் அப்பவே எழுதியிருக்கலாம்ல."

(வாசகரே, தண்ணீரைப் பற்றி நீங்களும் கிளப்பாதீர்கள். நிலையம் இருக்கிறது. கோபுரத்திலிருந்து ஆவி போகிறது. சுற்றிலும் சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மேலே போகலாம்.)

3

ஆரம்பங்கள்.

"அதிகாலையின் செவ்வொளியில் அந்த அணு உலை உறங்கும் அரக்கனைப் போல……" இதை எழுதிய கையை ஒரு நாளாவது கட்டிப்போட வேண்டும்.

"மனித சமூகம் தன்னைத் தானே கண்காணிக்கத் தொடங்கிய அந்தக் கணத்திலிருந்து……" இது கட்டுரை. கருத்தரங்கில் வாசித்தால் சால்வை போடுவார்கள். வீட்டில் யாரும் படிக்க மாட்டார்கள்.

"குழந்தைவேல் டப்பாவோடு நின்றான்." இது தேவலாம். ஆனால் நின்றான் என்றால் அப்புறம் நகர்ந்து போய்விட்டான் என்று ஆகிவிடுகிறது. அவன் எங்கே நகர்ந்தான்? நிற்கிறான்.

4

குழந்தைவேலுக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. நிலையத்தில் பம்புகளைப் பழுது பார்க்கிற ஒப்பந்தத் தொழிலாளி. இந்த மாதம் வேலை நிரந்தரமாகப் போகிறது. டீயைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. ஊரில் கல்யாணமோ கருமாதியோ, குடித்துவிட்டு விழுகிறவர்களை வண்டியில் தூக்கி வைத்து வீடு சேர்க்கிற வேலை அவனுடையது. அவனுக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அன்று காலை அவன் வாசலில் அடையாள அட்டையைக் காட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் அவனைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னார்கள். (கம்ப்யூட்டர் பாவம். தேர்ந்தெடுத்தது நான்.)

சோதனை அறையில் சண்முகப்பிரியா என்கிற ஆய்வகப் பெண் ஒரு மெஷினை நீட்டினாள். "நல்லா மூச்ச இழுத்து ஊதுங்கண்ணே."

ஊதினான். மெஷின் பூஜ்யம் காட்டியது. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினான்.

"இருங்கண்ணே. அது சாராயத்துக்கு. கஞ்சா, மாத்திரை அதுக்கெல்லாம் இது" என்று டப்பாவைக் கையில் கொடுத்தாள். "கதவச் சாத்தக் கூடாது. செக்யூரிட்டி ஒருத்தர் கூட நின்னு பாப்பாரு. மத்தியானச் சங்கு ஊதுறதுக்குள்ள குடுத்துரணும். இல்லன்னா டெஸ்ட்டுக்கு மறுத்ததா ஆயிரும். மறுத்தா கஞ்சா இருந்ததுக்குச் சமம்."

"சமமானா?"

"கேட் பாஸப் புடுங்கிருவாங்கண்ணே. வேற எந்த பிளாண்ட்டுலயும் சேத்துக்க மாட்டாங்க."

கூட நின்று பார்க்க வந்த காவலர் வைரக்கண்ணு. கீழப்பழுவூர்க்காரர். குழந்தைவேலின் மனைவி ஆர்த்திக்குச் சொந்தச் சித்தப்பா.*

* இந்த இடத்தில் சிரித்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். மற்றவர்களுக்காக: சின்ன மாமனார் எதிரில் மருமகன் கால்மேல் கால் போட்டு உட்கார மாட்டான். கைலியை மடித்துக் கட்டியிருந்தால் அவர் தலையைக் கண்டதும் இறக்கிவிடுவான். மாமனாரைக் கண்டால் மூடிக்கொள்வதுதான் மரியாதை என்று பழகிப்போன உடம்பிடம் போய், இன்றைக்கு மட்டும்…… (இந்த அடிக்குறிப்பை முடிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

"வாங்க மாமா" என்றான் குழந்தைவேல், டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"வாங்க மாப்ள. வூட்ல ஆர்த்தி சவுரியமா?"

"நல்லாருக்கா மாமா."

"சரி. போங்க."

போகவில்லை.

5

சோளக்காட்டில் அவனுக்கு இந்தத் தொந்தரவு வந்ததே கிடையாது. இங்கே சுவரைப் பார்த்து நின்றான், கூரையைப் பார்த்து நின்றான், குலசாமியைக் கும்பிட்டான். பிறகு, இந்தக் காரியத்துக்குச் சாமியைக் கூப்பிட்டது தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"தண்ணி குடிச்சுப் பாருங்கண்ணே" என்றாள் சண்முகப்பிரியா வெளியிலிருந்து. குடித்தான். இன்னும் கேட்டான். "அதுக்கு மேல குடிச்சா சாம்பிள் வெறும் தண்ணியாயிரும். செல்லாது." அடிவயிறு கல்லாக இருந்தது. வந்தால் ஏரி உடைந்த மாதிரி வரும். வரவில்லை.

வைரக்கண்ணுவுக்கும் வியர்த்துக் கொட்டியது. ஆர்த்திக்கு இந்த மாப்பிள்ளையைப் பார்த்து முடித்ததே அவர்தான். "பையன் டீயத் தவிர ஒன்னையும் தொடமாட்டான், நான் கியாரண்டி" என்று அண்ணன் எதிரில் மார்தட்டியவர். நாளைக்கு ஊரில் என்ன பேசுவார்கள்? அணு பிளாண்ட்டுல போதை டெஸ்ட்டு வச்சாங்களாம், ஆர்த்தி புருசன் குடுக்கமாட்டேன்னு மல்லுக்கு நின்னானாம். வரவில்லை என்பதை எந்த ஊர் நம்பும்?

அவர் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டால் வரும் என்பார்கள். குழாய்க்குத்தான் வந்தது.

கடைசியில் வைரக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் குவித்து, "உஸ்ஸ்ஸ்ஸ்……" என்றார்.

"மாமா."

"சின்னப் புள்ளைங்களுக்கு இப்புடித்தான் மாப்ள சொல்லுவோம். ஆர்த்திய கால்ல ஒக்கார வச்சு நான்தான் சொல்லுவேன். உடனே போயிரும்."

"வேணாம் மாமா. கெஞ்சிக் கேக்குறேன்."

"கூச்சப்படாதீங்க. உஸ்ஸ்ஸ்ஸ்……"

குழந்தைவேலுக்கு அழுகை வந்தது. வர வேண்டியது மட்டும் வரவில்லை.

6

எனக்கு அவன்மேல் ஒரு சந்தேகம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் இருப்பானா? மறைக்க ஏதாவது இருந்தால்தானே கதை சூடு பிடிக்கும்? ஒரு படியில் இப்படி எழுதிப் பார்த்தேன்: "கல்லூரி விடுதியில் என்றோ ஒரு நாள் இழுத்த அந்த ஒரு கஞ்சாப் பீடி அவன் நினைவில்……"

குழந்தைவேல் டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு என்னை முறைத்தான். "சார், இவரு முன்னாடி நிக்க வச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். உஸ்ஸுன்னு சொல்ல வச்சீங்க, அதையும் பொறுத்துக்கிட்டேன். அத மட்டும் எழுதாதீங்க. நான் இழுக்கல."

அடித்துவிட்டேன். அவன் சொன்னது சரி. அவனிடம் இருந்தது அது ஒன்றுதான், அதையும் ஒரு சுவாரசியத்துக்காகப் பிடுங்கப் பார்த்தது அநியாயம்.

"கூட நின்னு பாக்குற ஆள மாத்துங்க" என்றாள் வேணி. "பேனா உங்க கையிலதான இருக்கு?" நல்ல யோசனை. வைரக்கண்ணுவை விடுப்பில் ஏலாக்குறிச்சிக்கு பஸ் ஏற்றிவிட்டு, பிரசாத் என்ற புதுக் காவலரைக் கொண்டுவந்தேன். ஜெயங்கொண்டத்துக்காரன். முன்பின் அறியாதவன்.

"அண்ணனுக்கு எந்த ஊரு?" என்றான் பிரசாத், சும்மா நிற்க முடியாமல்.

"குன்னம் பக்கம்."

"குன்னத்துல யாரு வூடு?"

"செல்லமுத்து மவன்."

"அட! எங்க அத்தையக் குடுத்த வூடாச்சே அது! அப்ப நீங்க எனக்கு மச்சான்!"

நான் என்ன செய்வது? எங்கள் மாவட்டங்களில் முன்பின் தெரியாத ஆளை எழுத முடியாது. நாலு வார்த்தை பேசவிட்டால் முறை கண்டுபிடித்துவிடுவார்கள். மச்சான் என்றால் இன்னும் மோசம். மாமனாராவது வெளியே சொல்ல மாட்டார். மச்சான் சாகிற வரைக்கும் சொல்லிச் சிரிப்பான். அடுத்த பஸ்ஸிலேயே வைரக்கண்ணுவைத் திரும்ப வரவழைத்தேன்.

7

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அ) "குழந்தைவேலுக்கு வந்துவிட்டது. டப்பா நிறைந்தது." சுபம். ஆனால் சண்முகப்பிரியா டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். காலி. "எழுதிட்டா ஆச்சா சார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "லேபுக்கு நான் எத அனுப்புறது?"

ஆ) டப்பா நிறைகிறது. ஆனால் முந்தின நாள் லப்பைக்குடிகாட்டில் நண்பன் முகமது அனஸின் கல்யாணத்தில் கசகசா அரைத்துவிட்ட குருமாவை அவன் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்ததால், அபின் என்று ரிப்போர்ட் வருகிறது. கசகசா அபின் செடியின் விதை. வளைகுடாவுக்குப் போகும் பெட்டியில் அதை வைக்கக் கூடாது என்பது, வீட்டுக்கு ஒருத்தர் அங்கே வேலை பார்க்கிற லப்பைக்குடிகாட்டில் எல்லாருக்கும் தெரியும், என் கதாநாயகனுக்குத் தெரியாது. அருமையான திருப்பம். ஆனால் இதற்கும் முதலில் டப்பா நிறைய வேண்டும்.

இ) அணு உலையில் அபாய மணி அடிக்கிறது. பயத்தில் வந்துவிடும், சந்தேகமே இல்லை. ஆனால் ஒருத்தனுக்கு ஒன்னுக்கு வருவதற்காக ஓர் அணு உலையைக் கெடுக்கலாமா? சுற்றிலும் நிற்கிற சோளம் என்ன ஆவது?

ஈ) சங்கு ஊதிவிடுகிறது. "மறுத்தார்" என்று எழுதுகிறார்கள். அட்டையை வாங்கிக்கொள்கிறார்கள். அவன் வெளியே வந்து ஆர்த்திக்குப் போன் செய்ய எடுத்து, என்ன சொல்வது என்று தெரியாமல்…… இதை எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தப்பும் செய்யாதவன் அவன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

8

அதனால் இன்னும் சங்கு ஊதவில்லை. ஊத நேரமாகிவிட்டது, ஆனாலும் ஊதவில்லை. எவ்வளவு நேரம்தான் என்னால் பிடித்து வைக்க முடியும்?

வைரக்கண்ணு வாசலைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"மாப்ள, நான் திரும்பி நின்னுக்குறேன். பாத்தேன்னு சொல்லிக்கிறேன். உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"மாமா, தெரிஞ்சா உங்க வேலை போயிரும்."

"போனாப் போவுது. இருங்க."

திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அந்த முதுகைப் பார்த்ததும் குழந்தைவேலுக்கு உடம்பில் ஏதோ ஒரு முடிச்சு தளர்ந்தது. டப்பாவைச் சரியாகப் பிடித்துக்கொண்டான். வந்துவிடும் போல இருந்தது. வருகிறது. இதோ……

நின்றுவிட்டது.

"சார்" என்று என்னைக் கூப்பிட்டான்.

"என்னப்பா?"

"மாமா திரும்பிட்டாரு. ஆனா இன்னும் யாரோ பாக்குறாங்க சார்."

"நான்தான்பா. இதோ, பேனாவ மூடி வச்சிட்டேன்."

"நீங்க இல்ல சார். நீங்க எனக்குப் பழகிட்டீங்க. உங்க தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாக்குறாங்களே, அவங்க."

திரும்பிப் பார்த்தேன். நீங்கள்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு தூரம் கூட வந்தவரைப் போகச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நல்ல மனுஷனின் வேலை, பெயர், அவனுக்காக முதுகைக் காட்டி நிற்கிறவரின் வேலை, எல்லாம் இப்போது உங்கள் பார்வையில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் படிக்கிற வரைக்கும் அவனால் முடியாது. என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நின்று பார்க்க வேண்டும், நின்று பார்த்தால் ஒன்றும் ஆகாது. சங்கு ஊதுகிறவர் விசையில் கை வைத்துவிட்டார். தயவுசெய்து பக்கத்தை மூடிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

இன்னுமா படிக்கிறீர்கள்?