பத்திஸ்தா ஜிராவுதோ குடிமகன் ஆன வருஷம்

அந்த வருஷம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் திடீரென்று கொள்ளுத்தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. நான் இருபத்தேழு வருஷமாகப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவள். பிறப்பு, கல்யாணம், சாவு, இந்த மூன்றைத் தவிர வேறெதற்கும் யாரும் என் படியேறியதில்லை. 2002 பிறந்ததும் பார்த்தால் காலை ஏழு மணிக்கே வாசலில் வரிசை. வங்கிகள் கதவைச் சாத்தியிருந்தன, வேலைகள் போயிருந்தன. அர்ஜென்டினாவில் இனிமேல் பிழைப்பில்லை என்று முடிவு கட்டியவர்கள் எல்லாம் கப்பலில் வந்த முன்னோரின் பெயரைச் சொல்லி, "சீக்கிரம் தேடிக் குடுங்க, இத்தாலி பாஸ்போர்ட் எடுக்கணும்" என்று என் உயிரை எடுத்தார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் அங்கிருந்து ஓடிவந்தவனின் பேரப்பிள்ளைகள், அதே காரணத்துக்காக அங்கே ஓடப் பார்த்தார்கள்.

எங்கள் ஆட்கள் எந்தக் கப்பலிலும் வரவில்லை. அதனால் எனக்கு எந்தப் பாஸ்போர்ட்டும் கிடைக்காது. என் அப்பா ஒஹேதா, வடக்கே சந்தியாகு மாகாணத்திலிருந்து மக்காச்சோளம் ஒடிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். இத்தாலிக்காரர்களை நாங்கள் கிரிங்கோ என்போம், அவர்கள் எங்களைக் கருப்பர்கள் என்பார்கள். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டேதான் சொல்வோம், ஆனால் அது முழுச் சிரிப்பு இல்லை.

மே மாதம் சில்வானா வந்தாள். ஹார்டுவேர் கடை எல்வியோ ஜிராவுதோவின் ஒரே மகள், முப்பத்தொரு வயது. பால் கூட்டுறவுச் சங்கத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். மார்ச்சில் அந்தக் கூடத்தை மூடிவிட்டார்கள். புருஷன் லாரி ஓட்டுகிறவன், ஓட்ட லாரி இல்லை. இரண்டு வயதுக் குழந்தையோடு அப்பா வீட்டின் பின்னறைக்கு வந்துவிட்டார்கள். இத்தாலியில் ஒரு பாலாடைக்கட்டித் தொழிற்சாலை அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. செப்டம்பர் முடிவுவரை காத்திருப்பார்கள். காகிதங்கள் முழுசாகக் கையில் இருந்தால் அங்கேயே போய்ப் பாஸ்போர்ட்டுக்கு மனு கொடுக்கலாம்.

"எல்லாருக்கும் எடுத்துக் குடுக்கறீங்க, எனக்கும் எடுத்துக் குடுங்க தோன்யா ரமோனா" என்றாள். பெரியவர்களை இங்கே தோன், தோன்யா என்று மரியாதையாகக் கூப்பிடுவோம்.

"எடுத்துக் குடுக்கறதுக்கு என்ன? ஆனா உங்க வீட்டுக் கதை ஊருக்கே தெரியுமே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு இந்த ஊருக்கே காது புளித்துப்போயிருந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் ஊர் நிறுவப்பட்ட நாளில் எல்வியோ மேடையேறுவார். "என் தாத்தா பத்திஸ்தா ஜிராவுதோ பன்னிரண்டு வயசில் கப்பலேறி வந்தார். 1912-ல், இந்தக் குடியிருப்பில் முதல் ஆளாக, அர்ஜென்டினாவின் குடியுரிமை வாங்கினார். 'எந்த மண்ணின் ரொட்டியைத் தின்கிறேனோ அந்த மண்ணுக்குத்தான் நான் சொந்தம்' என்றார்." கைதட்டல் எழும். என் அப்பா உயிரோடு இருந்தவரை கடைசி வரிசையில் நின்று கைதட்டுவார். இதே நாட்டில் பிறந்த அவருக்கு நாற்பது வயதுவரை ஒரு அடையாளக் காகிதம் கிடையாது. அதற்கு யாரும் மேடை போடவில்லை.

சிக்கல் என்னவென்றால், பத்திஸ்தாவின் மகன், அதாவது எல்வியோவின் அப்பா, பிறந்தது 1916-ல். மகன் பிறப்பதற்கு முன்பே பத்திஸ்தா அர்ஜென்டினாக்காரர் ஆகியிருந்தால் இத்தாலிச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். அவருக்குப் பின்னால் வந்த யாருக்கும் பாஸ்போர்ட் கிடையாது.

"முப்பது வருஷமா அதை நம்பிட்டிருந்தேன். எழுதிக் கேக்கவே வேண்டாம்னுதான் இருந்தேன்" என்றாள் சில்வானா. "எங்க வீட்டுக்காரர்தான் சொன்னார், வழி இல்லைன்னு எழுத்துல வந்தா மனசு ஆறிடும், எழுதுன்னு."

தலைநகரில் இருக்கும் தேர்தல் நீதிமன்றத்துக்கு நானே மனுவை நிரப்பினேன். யார் குடியுரிமை வாங்கினார்கள், யார் வாங்கவில்லை என்ற பதிவேடு அங்கேதான் இருக்கிறது. பதில் என் அலுவலகத்துக்கு வரட்டும் என்றாள், அப்பா கண்ணில் படக்கூடாதாம்.

உள்ளதைச் சொன்னால், அந்த வருஷம் நான் அனுப்பிய நூறு மனுக்களுக்கும் ஒரே பதில்தான் வந்தது: பதிவு இல்லை. அன்றைய கிரிங்கோக்களில் குடியுரிமை வாங்கியவர்கள் அபூர்வம். நிலம் வாங்கலாம், கடை வைக்கலாம், கல்யாணம் செய்யலாம். ஓட்டு ஒன்றுதான் இல்லை, அதைக் கட்டிக்கொண்டு பால் கறக்க முடியுமா என்று இருந்துவிட்டார்கள். அதனால்தான் எல்வியோவின் தாத்தாவுக்கு ஊரில் அவ்வளவு மரியாதை.

ஜூலையில் கடிதம் வந்தது. சில்வானா என் மேஜை முன்னால் நின்றபடியே பிரித்தாள். பத்திஸ்தா ஜிராவுதோ என்பவர் குடியுரிமை பெற்றதாகப் பதிவு இல்லை. இரண்டு முறை படித்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு நின்றதும் முகம் மாறிவிட்டது.

"அப்ப எங்கப்பா சொல்றது?"

"உங்கப்பா பாவம், அவருக்கு யாரோ சொன்னது."

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டார். பின்னாடி ஏதோ வருஷத்துல வாங்கினார்னு நானே பூசி மெழுகிக்கறேன்."

ஒரு கதவு திறந்தது, அடுத்தது திறக்கவில்லை. பத்திஸ்தா எந்த ஊரில் பிறந்தார் என்று தெரியாமல் அவருடைய பிறப்புச் சான்றை எங்கே கேட்பது? எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்த புண்ணியவான்கள் கல்யாணப் பதிவிலும் சாவுப் பதிவிலும் "இத்தாலியர்" என்று ஒரே வார்த்தையில் வேலையை முடித்திருந்தார்கள். வட இத்தாலியில் பியமோந்தே மலையடிவாரம் என்பது மட்டும் குடும்பத்துக்குத் தெரியும். அங்கே நூற்றுக்கணக்கான ஊர்கள். சில்வானா பதினொரு ஊர்களுக்கு எழுதினாள். ஏழு ஊர்களிலிருந்து "எங்களிடம் இல்லை" என்று வந்தது. நான்கு ஊர்கள் பதிலே போடவில்லை. ஆகஸ்ட் பாதி ஓடிவிட்டது. அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அலுவலகத்தைச் சாத்தப் போகும் நேரத்தில் எல்வியோ வந்தார்.

"சந்தியாகுக்காரி இன்னும் மதியத் தூக்கத்துக்குப் போகலையா?"

"கிரிங்கோ கடையைப் போட்டுட்டு வந்திருக்காருன்னா உலகம் முடியப் போகுதுன்னு பாத்துட்டிருக்கேன். உக்காருங்க தோன் எல்வியோ."

உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அறுபத்தெட்டு வயது. மனைவி போய் ஆறு வருஷம்.

"தலைநகரத்துலேர்ந்து காகிதம் வந்துச்சாமே."

"வந்தா அது உங்க மக காகிதம். அவகிட்ட கேளுங்க."

"பதிவு இல்லைன்னு போட்டிருக்கும்."

பேனாவைக் கீழே வைத்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அறுபத்தொண்ணுலேர்ந்து தெரியும். எங்கப்பா சாகறப்ப சொன்னாரு. தாத்தா குடியுரிமை வாங்கப் போனது நெசம். ரயிலேறி நகரத்துக்குப் போயி நீதிமன்றத்து வாசல்ல நாள் பூரா உக்காந்திருந்தாராம். அவங்கம்மா அங்க உசுரோட இருந்தாங்க. இனிமே நான் வேற நாட்டுக்காரன்னு அவங்களுக்கு எப்படி எழுதறதுன்னு தெரியலையாம். உள்ளயே போகாம திரும்பிட்டாரு. வீட்டுல வந்து ஆயிடுச்சுன்னு சொல்லிட்டாரு."

"சரி, அது அவர் சொன்ன பொய். தெரிஞ்சும் நாப்பது வருஷமா மேடை ஏறினீங்களே?"

"மொதல்ல அப்பாவோட மானத்துக்காகச் சொன்னேன். அப்புறம் பழகிப்போச்சு."

"இந்த மார்ச்சுல 1912-ங்கற வருஷத்தை ரெண்டு தடவை அழுத்திச் சொன்னீங்க. எனக்கு ஞாபகமிருக்கு."

அவர் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவ வேலை போயி ஒரு வாரம் ஆயிருந்துச்சு. மொத வரிசைல கொழந்தையோட உக்காந்திருந்தா. அவளுக்காகத்தான் சொன்னேன். வழி இல்லைன்னு நெனச்சா பாஸ்போர்ட் கேக்காம இங்கயே இருந்துடுவான்னு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறைப்பானேன், அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "பதினொரு ஊருக்கு எழுதிட்டா அந்தப் பொண்ணு. கொழந்தையை மடியில போட்டுட்டு எழுதியிருக்கா" என்றேன்.

"தெரியும். சமையலறை மேஜைலதான் எழுதுவா. உறை ஒட்டறதுக்கு நான்தான் பசை எடுத்துக் குடுத்தேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒன்றும் இல்லை. இரும்புச் சாமானுக்கு விலை சொல்கிற குரல். பிறகு கோட்டின் உள்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

பிரித்தேன். பழைய இத்தாலிய எழுத்து, மங்கிய முத்திரை. பத்திஸ்தா ஜிராவுதோ, 1877, நான் கேள்விப்பட்டேயிராத ஒரு மலையூரின் பெயர். கப்பலேறும்போது ஊராட்சியில் வாங்கிக்கொண்டு வந்த பிறப்புச் சான்று. அவள் எழுதிய பதினொன்றில் அந்த ஊர் இல்லை.

"தபால்ல வந்துச்சுன்னு சொல்லிடு" என்றார்.

"இத்தனை நாள் எங்க இருந்துச்சு இது?"

"கடையில. பணப்பெட்டிக்கு அடியில."

"நீங்களே குடுத்தா என்ன?"

"நான் குடுத்தா நானே அவளை அனுப்பிவெச்ச மாதிரி ஆயிடும்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "நேத்து அவ புருஷன் பஸ் நிலையத்துல மூட்டை தூக்கப் போனான். திரும்பி வந்தவன் என் முகத்தைப் பாக்கலை. கொழந்தைக்குப் பாலை அவ தண்ணி கலந்து ஆத்தறா. பாலுக்குப் பேர்போன ஊர்ல."

என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஆனாலும் என் நாற்காலிக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

"தோன் எல்வியோ, இந்த மேஜைல உக்காந்து நான் பொய் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். அவ கேட்டா உள்ளதைச் சொல்லுவேன். கேக்கலைன்னா வாயைத் தொறக்க மாட்டேன்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை சில்வானாவை வரச்சொல்லிக் காகிதத்தைக் கொடுத்தேன். ஊரின் பெயரைப் படித்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது, அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள் போல. பிறகு காகிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் மூலையில் கருப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை, இயந்திர எண்ணெய்க் கறை. மடிப்பிலும் அதே வாசனை. அவள் வளர்ந்ததே அப்பாவின் கடையில்தான்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். பதிலை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. ரொம்ப நேரம் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"சான்றளிச்ச நகல் போதும் எனக்கு. ஊர் பேர் தெரிஞ்சிடுச்சு, மிச்சத்தை அங்க வாங்கிக்கறேன்" என்றாள். "இது எங்கேர்ந்து வந்துச்சோ அங்கயே திருப்பி அனுப்பிடுங்க."

"சரி."

வாசல்வரை போனவள் திரும்பினாள். "அனுப்பினவர்கிட்ட, தபால் ரொம்ப லேட்டுன்னு சொல்லுங்க தோன்யா ரமோனா. வந்து சேந்துடுச்சுன்னும் சொல்லுங்க."

மறுநாள் ஒரு மணிக்கு எல்வியோ வந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

"கேட்டாளா?"

"கேக்கலை." காகிதத்தை அவரிடம் நீட்டினேன். அவள் சொன்னதை, சொன்ன மாதிரியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அன்று அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். மாத்தே இலைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றி நீட்டினேன். வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். தண்ணீர் ஆறிப்போனது.

"அங்க இப்ப என்ன காலம்?" என்று கேட்டார்.

"இங்க குளிர்னா அங்க வெயில்."

"இவ போய்ச் சேர்றப்போ குளிர் ஆரம்பிச்சிடும்" என்றார். "மலை ஊரு. கொழந்தைக்கு ரெண்டு சட்டைதான் இருக்கு, ரெண்டும் பருத்தி."

எழுந்து போனார். நான் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு படியிறங்கினேன். அவர் தன் கடைப்பக்கம் போகவில்லை. எதிர்ச்சாரியில், கம்பளித் துணி விற்கிற சாமுவேலின் கடை முன்னால் நின்று இரும்புக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். மதியத் தூக்க நேரத்தில் இந்த ஊரில் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். நாற்பது வருஷம் கடை நடத்தியவருக்கு அது தெரியாதா? தட்டிக்கொண்டே இருந்தார்.