யோசியா பெல் ஸ்பிரிங்வேலில் இருந்த காலம்

சுகமில்லை என்று இவரிடம் சொல்லிவிடலாமா? தேத்தண்ணியை ஆற்றியபடி கமலினி யோசித்தாள். இவர் யோசியா பெல், கரீபியன் தீவுகளுக்கு முதன்முதலில் போன மெதடிஸ்த போதகர்களில் ஒருவர். 1797இல் இரண்டு தீவுகளுக்கு நடுவே புயலில் மூழ்கி இறந்தவர், 1974ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மெல்பேணின் ஸ்பிரிங்வேலில் அவளுடைய குசினிக் கதிரையில் வந்து இருந்தார். உடுப்பு காயவேயில்லை. கதிரைக்குக் கீழே கடல்நீர் வடிந்து உப்பாகப் படிந்தது. நல்ல உப்பு, கமலினி அதைச் சம்பலுக்குப் பாவித்தாள்.

"வெள்ளைக்காரர் எங்களுக்கு வேதம் படிப்பிச்சது காணாதெண்டு இப்ப குசினிக்கையும் வந்திட்டினமோ?" என்றான் அவள் கணவன் இந்திரகுமார்.

"மெல்லமாக் கதையுங்கோ. அவருக்குத் தமிழ் விளங்கும்."

விளங்கியது. கரும்புத் தோட்ட அடிமைகளின் பல பாஷைகளைக் கேட்டுப் பழகிய காது அது. அடிமைகளுக்குப் பிரசங்கம் செய்யக்கூடாது என்று தோட்ட முதலாளிகள் சட்டம் போட்டார்கள், அவர் செய்தார். சிறையில் அடைத்தார்கள். பெண்கள் கிழங்கு விற்பதுபோலக் கூடைகளோடு சிறைச் சன்னலின் கீழே நின்றார்கள். அவர் பேசியது கிழங்குகளுக்குள் இறங்கியது. வீட்டில் வெட்டியபோது ஒவ்வொரு கிழங்கும் ஒரு வசனம் சொன்னது. முதலாளிகள் கிழங்குப் பயிரைத் தடை செய்தார்கள், தீவு பட்டினி கிடந்தது, தடையை எடுத்தார்கள். இதையெல்லாம் கேட்டால் மட்டுமே அவர் சொன்னார், அதுவும் வேறு யாருக்கோ நடந்ததுபோல.

அவராகக் கேட்டது ஒன்றுதான். வாரம் ஒருமுறை சிறு கூட்டமாக இருந்து ஒவ்வொருவரிடமும் கேட்கும் பழைய மெதடிஸ்த வழக்கம்: உன் ஆத்துமா எப்படி இருக்கிறது? மெல்பேணில் மற்றவர்கள் வேலை எப்படி, வீடு வாங்கியாச்சா என்றுதான் கேட்டார்கள். அவர் அதைக் கேட்ட முதல் வியாழன், தேத்தண்ணியை ஆற்றியபடி யோசித்த கமலினி சொன்னாள். பிறந்த அன்றே இறந்த மகளின் பெயரை, வீட்டில் யாரும் உச்சரிக்காத அந்தப் பெயரை, முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். அவர் ஆறுதல் சொல்லவில்லை. அடுத்த வியாழனும் கேட்டார்.

பிறகு வந்த வியாழன்களில் பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெண்ணும் வந்தாள். சென்னையிலிருந்து வந்த நர்ஸ் கிரிஜா, "நான் சாமி கும்பிடுறவ, பரவாயில்லையா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தாள். அவளிடமும் அவர் அதையே கேட்டார். தேத்தண்ணி ஆறும்வரை அழுதாள்.

1977இல் மெதடிஸ்த சபை வேறு இரண்டு சபைகளோடு இணையவிருந்தது. சபைக் குழுவிலிருந்து விக்னராஜா காரில் வந்தார். கடைசி மெதடிஸ்த ஆராதனையில் பெல்லை மேடையில் இருத்துவது, பிறகு பழம்பொருள் அறையில் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பது என்று தீர்மானமாம்.

"பிள்ளை, மெதடிஸ்த போதகர் ஒரு இடத்தில மூண்டு வருசத்துக்கு மேல இருக்கிறேல்லை. உமக்குத் தெரியும்தானே?"

பெல்லுக்கும் தெரியும். முதலாளிகளின் சட்டத்தை மீறியவர், சபையின் வழக்கத்தை ஒருநாளும் மீறியதில்லை. எழுந்து நின்றார். விருந்தாளி வீட்டுக்காரியிடம் விடைபெறாமல் படியிறங்குவதில்லை என்பதையும் இங்கே பழகியிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"போயிட்டு வாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். காணும்," என்றார் விக்னராஜா.

இவர் போனால் மகளின் பெயரைத் திரும்ப விழுங்க வேண்டும் என்று கமலினி நினைத்தாள்.

"அங்க எல்லாரும் அவரைப் பாப்பினம், அண்ணை. அவர் ஆரைக் கேக்கிறது, ஆத்துமா எப்பிடியெண்டு?"

"அப்ப சபைக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"அந்தச் சொல்லை நான் சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ," என்றாள், மெதுவாக.