பவுனு பேசும் பேச்சு

சின்னமனூரில் எங்கள் துணிக்கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கதை வாசிப்போம். எழுபத்து நாலாம் வருசம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கும்போது பேச்சு பொய்யாகக் காதில் விழுந்தால் பெஞ்சைத் தட்டலாம். தட்டினால் வாசிப்பவர் நிறுத்த வேண்டும்.

அன்றைக்கு ஞானசெல்வியின் முறை. மேகமலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் எழுதிய மூன்றாவது கதை அது. புதிதாகக் குருசாமியும் வந்திருந்தார், கமிஷன் மண்டிக்காரர். அவர் தங்கச்சி பவுனு ஒருத்தனோடு போனதும், கண்டால் வெட்டுவேன் என்று இவர் அருவாளோடு தேடுவதும் ஊருக்கே தெரியும். வெளியூர்க்காரி செல்விக்குத் தெரியாது.

கதையில் மரகதம் என்று ஒரு பெண். பாதி ராத்திரியில் வீட்டைவிட்டுப் போகிறாள். அண்ணனிடம் சொல்கிறாள்: "ஏண்ணே, நான் என்ன ஒனக்குக் கட்டிப்போட்ட கிடேரியா? அவுத்துவிட்டா மேஞ்சுக்கிருவேன்."

அது அப்படியே பவுனு பேசும் பேச்சு. பவுனு எங்கள் கடைக்குச் சேலை எடுக்க வருகிறவள். பேரை மாற்றிய செல்வி பேச்சை மாற்றவில்லை. பவுனு செல்வியின் எஸ்டேட்டில்தான் இருக்க வேண்டும்; அடுத்த பக்கத்தில் அந்த இடம் வரும்.

பெஞ்சைத் தட்டினேன்.

"இதுல என்னக்கா குத்தம்?"

"அண்ணன்ட்ட எந்தப் பொண்ணும் இப்படிப் பேச மாட்டா. போதும், திருத்தி எழுதிக்கிட்டு வா."

செல்வியின் முகம் சுண்டிவிட்டது. "போன மாசம் நீங்கதானக்கா காதுல கேட்டபடியே எழுதச் சொன்னீக?"

"சுகிர்தக்கா, குறுக்க தட்டாதீக." குருசாமி மெதுவாகத்தான் பேசினார். "எங்க பவுனு இப்படியேதான் பேசுவா. டீச்சர் வாசிக்கட்டும். பெறகு எங்கன போனா?"

செல்வி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தாளில் விரல் நின்றுவிட்டது. பிறகு தாளைப் பார்க்காமலே சொன்னாள்: "மரகதம் திருப்பூர் பஸ்ஸில் ஏறினாள். 'அண்ணா, நான் தொலைதூரம் செல்கிறேன், என்னை மறந்துவிடுங்கள்' என்றாள்."

டொக். தட்டியது ஆதித்தன், எங்களில் மூத்தவர். பாவம், நடப்பது புரியாதவர்.

"என்னம்மா இது? இம்புட்டு நேரம் நம்மூருப் பேச்சு பேசுன புள்ள, பஸ்ஸேறவும் நாடகம் பேசுது?"

"அதான் நானும் பாக்குறேன்," என்றார் குருசாமி. "இங்கனதான் பொய் வருது. தாளக் குடுங்க டீச்சர்."

செல்வி தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "எழுதி முடிக்கலண்ணே."

அவர் எழுந்திருக்கவில்லை. "எதுல வந்தீக?"

"பஸ்ல."

கீழே எஸ்டேட் ஜீப் வந்து ஆரன் அடித்தது. வழக்கமாக அவள் ஏறிப்போகிற ஜீப். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. படி இறங்கும்போது நானும் ஒட்டிப்போனேன்.

"பேச்சுல ஒரு குத்தமும் இல்ல செல்வி. பொய் சொன்னேன்."

"இப்பத் தெரியுதுக்கா. அவரு 'எங்க பவுனு'ன்னதும்தான் அண்ணன்னு தெரிஞ்சுச்சு. அவரு பின்னாலயே வருவாரு, நான் இப்ப மலைக்குப் போக முடியாது. பவுனுட்ட நீங்க சொல்லிவிடுங்க."

மலைக்குப் போகாத தேனி பஸ்ஸில் முன்பக்கம் ஏறினாள். குருசாமி பின்பக்கம் ஏறினார். செல்வி எங்கே வேலை பார்க்கிறாள் என்பது நாளைக்கு யாரைக் கேட்டாலும் தெரிந்துவிடும்.

பஸ் நகர்ந்ததும் ஜீப்காரரிடம் ஓடினேன். "ஒங்க எஸ்டேட் கூலிக்காரக லயத்து வீட்டுல பவுனுன்னு ஒருத்தி இருக்கா. மலைய விட்டு இன்னைக்கே கெளம்பச் சொல்லுங்க."