திரும்பி வந்த குழாய்கள்

பெரியவருக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. வாசல்வரை போவார், கேட்டைத் தொட்டுப் பார்ப்பார், வார்ப்புக் கூடத்துக்குத் திரும்புவார், அங்கேயும் கால் நிற்காது. தேசிய தர விருதுக்காகப் பட்டறையை மதிப்பிட ஆட்கள் வருகிறார்கள்.

தண்ணீர் திறக்கிற பித்தளைக் குழாய்களைச் செய்கிற குடும்பம். அவருடைய அப்பா காலத்திலிருந்து ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் குடும்ப முத்திரை. ஆனால் இந்த நாட்டுச் சரக்கு என்றாலே மூக்கைச் சுளிக்கிற வெளிநாட்டு வியாபாரி, விருது வந்தால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டான். அந்த ஆர்டர் வராவிட்டால் இரண்டாவது உலையை அணைக்க வேண்டியதுதான்.

மருமகள்தான் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஒழுகித் திரும்பி வந்த குழாய்களை நுழைவாயில் பலகையில் வரிசையாக மாட்டி, எதில் என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்தோம் என்று ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டியிருந்தாள். நேற்று அதைப் பார்த்ததும் பெரியவருக்குச் சுருக்கென்றது.

"சம்பந்தம் பேச வர்றவங்ககிட்ட நம்ம வீட்டுச் சண்டையையா முதல்ல சொல்லுவ?"

"சொல்லாம விட்டாத்தான் மாமா பின்னால பஞ்சாயத்து," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. திரும்பி வந்த சரக்கு பொழுது சாய்வதற்குள் உலைக்குப் போய்விட வேண்டும். வாங்கினவருக்குப் புதுக் குழாய்; அதற்குமேல் பேச்சில்லை. அப்பா போட்ட விதி; மருமகள் அதை மீறித்தான் இவற்றை ஒளித்துச் சேர்த்திருந்தாள். இன்று மருமகள் வருவதற்கு முன்பே பெரியவர் பலகையைக் காலி செய்து, அவள் மேலே போட்டிருந்த துணியைப் பழையபடி மூடிவிட்டு, குழாய்களை உலைக்காரரிடம் கொடுத்தார்.

"மாட்டி வெச்ச அம்மா கேட்டா என்னங்க சொல்றது?"

"கேக்கும்போது பாத்துக்கலாம். போடு."

மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள். கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர், எதற்கும் உதட்டோரம் சிரிக்கிற இளைஞர் ஒருவர். கூடத்தைச் சுற்றிப் பார்த்த பிறகு அந்த அம்மாள் கேட்டார்.

"திரும்பி வந்த குழாய்களை வெச்சுத்தான் வேலையைத் திருத்தினதா விண்ணப்பத்துல எழுதியிருக்கீங்க. அதைப் பாக்கலாமா?"

மருமகள் உற்சாகமாக முன்னால் நடந்து துணியை விலக்கினாள். பலகையில் வெறும் கொக்கிகள். அவள் முகம் செத்துவிட்டது. ஒரே ஒரு முறை மாமனாரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"நேத்து இங்கதான் இருந்துச்சு மேடம்."

"விருது நேரத்துல எல்லா கம்பெனியிலயும் நேத்து ஏதாவது இருந்திருக்கும்," என்றார் இளைஞர்.

அவள் மாமனாரைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. "என் கவனக்குறைவுதான் சார்," என்றாள்.

குழாய் ஒழுகுகிறது என்று ஊரே சொன்னாலும் பெரியவர் தாங்கியிருப்பார். தம் வீட்டு மருமகள் அந்நியர் முன்னால் பொய்க்காரியாக நிற்பதைத் தாங்க முடியவில்லை.

"நான்தான் உருக்கச் சொன்னேன். அவ எழுதினதெல்லாம் உண்மை."

"எதுக்குங்கய்யா உருக்கினீங்க?" என்று கேட்டார் இளைஞர்.

"கௌரவம்னு நெனச்சேன்."

கண்ணாடிக்கார அம்மாள் சிரிக்கவில்லை. "பாக்காததை நாங்க எழுத முடியாதே. ஒண்ணாவது மிச்சமிருக்கா?"

பெரியவர் விறுவிறுவென்று தம் அறைக்குள் போனார். மற்றவர்கள் பின்னால் ஓட வேண்டியிருந்தது. கைகழுவும் தொட்டிக்குள் ஒரு துண்டு விரித்திருந்தது. அதை உருவினார். டொக், டொக் என்று சொட்டுச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. வெளியே தெரியக்கூடாதென்று அவரே விரித்த துண்டு.

"இதுவும் எங்க சரக்குதான்."

மருமகள் தண்ணீரை அடைத்து, குழாயைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பினாள்.

"அதே இடந்தான் மாமா. வார்க்கும்போது காத்து மாட்டி, உள்விளிம்புல துளை. இதுக்குத்தான் அச்சுல காத்துப்போக்கு மாத்தி வெட்டினோம்." புதுக் குழாய் ஒன்றையும் அறுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். விளிம்பு வழவழவென்று இருந்தது.

இளைஞர் குனிந்து பார்த்தார். உதட்டோரச் சிரிப்பு இல்லை.

"விருது தர்றது நாங்க இல்ல," என்றார் அந்த அம்மாள் புறப்படும்போது. "பாத்ததை எழுதுவோம். உருக்கினதையும் சேத்துத்தான்."

கார் மறைந்ததும் பெரியவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

"கெடைக்குமாம்மா?"

"தெரியல மாமா." அந்தக் குழாய்க்குச் சீட்டுக் கட்டி முதல் கொக்கியில் மாட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு தொங்கினா அசிங்கமா இருக்கு."

"இன்னும் வரும் மாமா."

முறைத்துப் பார்த்தார். பிறகு உலைக்காரரிடம் போய், "இனிமே திரும்பி வர்றதை நானே வந்து சொன்னாலும் உலையில போடாத," என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கேட்டைப் பார்க்கப் போனார்.